பிறந்த வீட்டுக் கோடி

வேண்டா சுமங்கலியும் இல்லை, தாலியறுத்தவளும் இல்லை. புருஷன் கோதண்டராமன் வெட்டுப்பட்டுச் செத்து ஏழு வருஷம் ஆகியும் தாலி கழுத்திலேயே கிடந்தது. பிறந்த வீட்டார் கோடிச் சேலை போர்த்தாமல் அதைக் கழற்றக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். கோடி கொண்டுவர அவளுக்கு இருந்தது ஒரே அண்ணன், சடையப்பன். வெட்டினவனே அவன்தான். வேலூர் ஜெயிலில் இருந்தான்.

இரண்டு குடும்பத்துக்கும் தாத்தா காலத்துப் பகை. ஏரிக்கரைப் பனைமரம் ஒன்றுக்காக ஆரம்பித்தது. மரம் எப்போதோ இடி விழுந்து கருகிவிட்டது. வெட்டுக்குத்து மட்டும் நிற்கவில்லை. பகையைத் தீர்க்கிறேன் பேர்வழி என்றுதான் வேண்டாவை அங்கே கட்டிக்கொடுத்தார்கள். பெரிய மனுஷர்களின் மூளை அவ்வளவுதான்.

அவளுக்குக் குங்குமம் நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஊர்ப் பெண்கள் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். சாவு வீட்டிலும் அப்படியே. ஆடுகளோடு பேசிப் பேசி அவளுக்குத் தன் குரலே அலுத்துப்போயிற்று.

எழுபத்தாறாம் வருஷம் தையில் சடையப்பன் விடுதலை என்று செய்தி வந்தது. கொழுந்தன் தாமோதரன் அரிவாளைத் தீட்டிக்கொண்டே சொன்னான்: "கோடி போட நம்ம வாசலுக்கு வந்துதான ஆவணும், அண்ணி. வரட்டும்."

அண்ணன் வருகிற அன்று உப்பு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, சதுரங்கப்பட்டினத்தில் செங்கல்பட்டு பஸ் வந்து திரும்பும் இடத்தில் போய் நின்றாள். இறங்கியவனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கக்கத்தில் ஒரு பொட்டலம்.

"உன்னாண்ட பேச எனக்கு மூஞ்சி இல்ல வேண்டா. கோடி போட்டுட்டு அங்கயே செத்தாலும் சரி."

ஏழு வருஷமாகச் சேர்த்துவைத்த கோபம் வரத்தான் வந்தது. அவனுடைய பசித்த முகத்தைப் பார்த்து அழுகையும் வந்தது.

"இங்கயே போடு."

"ரோட்லயா? வாசல்லதான..."

"போடுண்ணா. பஸ்ஸு கிளம்பப் போவுது."

பொட்டலத்தைப் பிரித்துச் சேலையைப் போர்த்தினான். அவளே தாலியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இதே பஸ்ல ஏறு. இந்தப் பக்கம் தலவச்சிக்கூட படுக்காத. நான் செத்தாலும் வராத."

"அப்பறம் உனுக்கு யாரு கீறா?"

அவள் அவனைப் படியில் ஏற்றிவிட்டாள். பஸ் போய்விட்டது.

வாசலில் தாமோதரன் அவளுடைய வெறுங்கழுத்தைப் பார்த்தான்.

"எங்க அவன்?"

"வந்தாரு. போட்டாரு. பூட்டாரு."

அவன் அரிவாளைக் கூரையில் செருகினான்.

சாயங்காலம் ஊர்ப் பெண்கள் வந்தார்கள். அவள் யார் என்று இப்போது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கட்டிக்கொண்டு கோதண்டராமன் பேரைச் சொல்லி ஒப்பாரி வைத்தார்கள். வேண்டாவும் அழுதாள், பஸ்ஸில் போனவனுக்காக.