இரண்டிலும் ஒரே நிறம்

"சிரிக்கிற மாதிரி ஒண்ணு எடுங்கப்பா," என்றான் மகன், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் தோளுக்கு மேல் குனிந்து. "வாசல் பக்கத்துல வைக்கணும். வர்றவங்க முதல்ல அதைத்தான் பாப்பாங்க."

தராசு மவுஸை உருட்டினார். திரையில் அவர் மனைவி வந்தாள். அடுத்த படத்திலும் அவளேதான். அதற்கடுத்ததிலும். ஒரே ஜன்னல், ஒரே நிற்பு, மார்புக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்த ஒரே வெள்ளைத் தாள். முன் அறையில் வெள்ளைத் துணி போர்த்தி அவளைக் கிடத்தியிருந்தார்கள். பிற்பகலில் எடுப்பதாகப் பேச்சு.

தராசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கடைகளில் உள்ள எடைக்கருவிகளைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். அவர் தெருவுக்குள் நுழைந்தாலே "தராசு வருதுடா" என்று கடைக்காரர்கள் உஷாராவார்கள். அந்தப் பெயர் எப்படியோ வீடுவரை வந்து சேர்ந்துவிட்டது. மனைவிகூடக் கோபம் வந்தால், "இந்தத் தராசுகிட்ட மாட்டிக்கிட்டு நான் படுற பாடு இருக்கே!" என்பாள். பொய்யில்லை. மனுஷர் ஒரு சாமானைச் சட்டென்று வாங்கியதாகச் சரித்திரமே கிடையாது. ஒரு தடவை மின்விசிறி வாங்கக் கடைகடையாக ஏறி இறங்கியதில் கோடை முடிந்து மழையே வந்துவிட்டது.

ஓய்வு பெற்றதும் கேமரா ஆசை பிடித்தது. ஏரிக்கரைக்குப் போய் பறவைகளைப் படம் எடுக்க வேண்டும், லென்ஸ் மாட்டிக் கழற்றுகிற அசல் கேமராவில். போன் போதாதா என்று மகன் கேட்டதற்கு இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. பெரிய கேமரா கட்டுப்படியாகாது; கற்றுக்குட்டிகளுக்கென்று வருகிற ஆரம்ப மாடல்தான். அதிலும் இரண்டு கம்பெனி, இரண்டு பெட்டி. ஒன்று கையில் கனமாக உட்கார்ந்தது, ஃபோகஸ் புள்ளிகள் அதிகம். இன்னொன்று லேசு, பேட்டரி நீடிக்கும், ஆனால் பிடியில் சுண்டுவிரலுக்கு இடமில்லை. ஒன்றில் இருட்டுப் படத்தில் மணல் தூவினதுபோல் புள்ளி விழும் என்று நாலு பேர் எழுதியிருந்தார்கள். இல்லவே இல்லை, மற்றதில்தான் விழும் என்று வேறு நாலு பேர். தராசு எல்லாவற்றையும் படித்தார். படித்ததை மனைவியிடம் ஒப்பித்தார்.

"நீங்க வாங்கி முடிக்கிறதுக்குள்ள அந்தப் பறவையெல்லாம் கிழடாயிடும்," என்றாள் அவள்.

கடைசியில் கேமராக் கடைக்காரர் இவர் தொல்லை தாங்காமல், "ஒரு நாள் ரெண்டையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க சார். பாத்துட்டு ஏதாவது ஒண்ணை எடுத்துக்கங்க, எனக்கும் விமோசனம் கிடைக்கட்டும்," என்று கும்பிடாத குறையாகக் கொடுத்தனுப்பினார். அது போன மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அன்றைக்குச் சோதனைப் பொருள் மனைவிதான். ஜன்னல் ஓரம் நிறுத்தினார். கையில் வெள்ளைத் தாள் கொடுத்தார். எந்தச் சோதனைக்கும் முதலில் சந்தேகமில்லாத ஒரு படிக்கல் வேண்டும், அது தொழிலில் பாலபாடம். நிறத்துக்கு வெள்ளைதான் படிக்கல். வெள்ளை வெள்ளையாக விழுந்தால் மற்ற நிறமும் சரியாக விழும். கனமானதில் பத்து, லேசானதில் பத்து, லென்ஸை மாற்றிப் பத்து.

"கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு நேரம் என்னை நீங்க பாத்ததில்ல," என்றாள். பிறகு, "ஏங்க, கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா? மூச்சு வாங்குது."

"அசையாதே. இன்னும் ரெண்டே ரெண்டு."

அந்த இரண்டு எத்தனை இரண்டாக நீண்டது என்று அவருக்கு இப்போது நினைவில்லை. நினைவில் இருப்பது அன்று மாலை படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கியதுதான். கனமான கேமராவில் அவள் உதடு நீலம் அடித்தது. லேசானதிலும் அதே நீலம். சீ, இதற்கா இத்தனை பேர் புகழ்மாலை! மறுநாள் கடைக்குப் போய், "தோல் நிறம் ரெண்டுலயும் சரியில்ல, நீலம் பாயுது," என்று இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். கடைக்காரர் ஜன்னல் வெளிச்சத்தின் மேல் பழியைப் போட்டார். புது மாடல் வரட்டும் என்று இவர் சொன்னார்.

இப்போது மகன், "இது நல்லா இருக்குப்பா," என்று ஒரு படத்தைக் காட்டினான். அவள் எதற்கோ சிரித்திருந்தாள். "கொஞ்சம் பெரிசாக்குங்க."

பெரிதாக்கினார். அதே நேரம் சமையலறையிலிருந்து மகளின் குரல் வெடித்தது. காலை வண்டியில் வந்து இறங்கியவள், அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுது ஓய்ந்து, இப்போது அண்ணன் மனைவியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கூடவேதானே இருந்தீங்க அண்ணி! நாள் பூரா ஒரே வீட்டுக்குள்ள! மூச்சு வாங்குறது காதுல விழல, சரி. முகம்கூடவா கண்ணுல படல?"

"முழங்கால் வலின்னுதான் சொன்னாங்க... அதனாலதான் படி ஏற முடியலன்னு..."

"அம்மா என்னைக்கு உள்ளதைச் சொல்லியிருக்காங்க? நாமதானே பாக்கணும்! உங்கம்மாவா இருந்தா இப்படி விட்டிருப்பீங்களா?"

மருமகள் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. வீட்டிலேயே தையல் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவள். வாய் அதிகம் இல்லாத பெண்.

"விடுங்கப்பா, அவ துக்கத்துல பேசுறா," என்று மகன் முணுமுணுத்தான். ஆனால் அவன் முகத்திலும் அதே கேள்வி இருந்தது. நேற்று இரவு அவனும் மனைவியோடு பேசவில்லை.

தராசு திரையைப் பார்த்தார். உதடு நீலம். அது அன்றைக்கே பார்த்ததுதான். அன்றைக்குப் பார்க்காதது தாள். தாள் தூய வெள்ளையாக விழுந்திருந்தது, இம்மி பழுதில்லாமல். அதன் ஓரத்தைப் பிடித்திருந்த விரல்களில் நகங்கள் நீலமாக இருந்தன. அடுத்த கேமராவின் படத்தைத் திறந்தார். தாள் வெள்ளை. நகம் நீலம்.

இரண்டு தராசு ஒரே எடையைக் காட்டினால் தராசில் கோளாறு இல்லை. எத்தனை கடைக்காரர்களிடம் குரலை உயர்த்திச் சொல்லியிருப்பார்! படிக்கல்லும் சரி, கருவி இரண்டும் சரி. அவை மூன்றும் சேர்ந்து சத்தியம் பண்ணியதைத்தான் அவர் கோளாறு என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். கருவியைச் சந்தேகித்தே பழகின கண், எதிரே நின்ற பெண்டாட்டியைப் பார்க்கவில்லை.

நேற்று மருத்துவமனை வராந்தாவில் டாக்டர் கேட்டாள். "இதயம் கொஞ்ச நாளாவே திணறியிருக்கு. உதடு, நகம் நீலமானதை யாருமே கவனிக்கலையா? ரெண்டு வாரம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா நிச்சயம் ஏதாவது செஞ்சிருக்கலாம்."

எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவருக்கு அந்த நீலம் அப்போதே ஞாபகம் வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டு, "இல்லீங்க, அப்படி எதுவும் தெரியல," என்றார். ஆயுசில் ஒரு பொய் முத்திரை குத்தாத மனுஷர். அந்த 'இல்லீங்க' எங்கே போய் விழும் என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது சமையலறையில் விழுந்துகொண்டிருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். நாலு எட்டு வைத்தால் சமையலறை. வெட்கம் காலைப் பிடித்துக்கொண்டது. மகள் முகத்தில் அடுத்து என்ன தோன்றும் என்று அவரால் நினைத்துப் பார்க்க முடிந்தது, அதுதான் தொல்லை. "நானே போய் பிரிண்ட் போட்டுட்டு வர்றேன்," என்று மகனிடம் சொல்லிவிட்டு, அந்தப் படம் ஏற்றிய பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, துரத்துகிற ஆளிடமிருந்து தப்பிக்கிறவர்போலச் செருப்பை மாட்டினார். வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "மகராசி, யாருக்கும் பாரமில்லாம போயிட்டாங்க," என்றார். தராசு கையை உருவிக்கொண்டு நடந்தார்.

ஸ்டூடியோக்காரர் படத்தைத் திரையில் போட்டு, நெற்றியைச் சுருக்கினார்.

"யாருங்க சார் இது?"

"சம்சாரம்."

"மன்னிச்சுக்கங்க. நல்ல படம், சிரிப்பு அருமையா வந்திருக்கு. கையில ஏதோ பேப்பர் இருக்கே, அதை வெட்டிடறேன். உதடு ஒரு மாதிரி கறுத்திருக்கு, சரி பண்ணிடட்டுமா? ரெண்டு நிமிஷ வேலை."

தராசு வாயைத் திறந்தார். "பண்ணிடுங்க," என்று வந்தது.

ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. தாள் போயிற்று, விரல்கள் போயிற்று. உதட்டில் இளஞ்சிவப்பு ஏறியது. கன்னத்திலும் கொஞ்சம் ஏற்றினார் அந்த மனுஷர், கேட்காமலே. அவருடைய மனைவி நோய்நொடி அறியாதவள்போல, இன்னும் இருபது வருஷம் இருக்கப் போகிறவள்போலத் திரையில் சிரித்தாள். அழகாகத்தான் இருந்தாள். இப்படி ஒரு நாளும் இருந்ததில்லை.

சட்டம் மாட்டிய படத்தைக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். கனமே இல்லை. தீர்ந்தது, இனி யாருக்கும் தெரியாது. வீட்டிலிருக்கும் மற்ற படங்களை அழித்துவிட்டால் அவருக்கே தெரியாது. மகளின் கோபம் நாளடைவில் ஆறும். மருமகள் பொறுத்துக்கொள்வாள், பொறுத்துக்கொள்கிற பெண்தான்.

தெருமுனை திரும்புகிற இடத்தில் நின்றார். 'பொறுத்துக்கொள்கிற பெண்தான்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டவன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று யோசித்தார். இதைத்தானே மனைவியைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தோம், எவ்வளவு நேரமானாலும் அவள் நிற்பாள் என்று. எதிரே வந்த தள்ளுவண்டிக்காரர் மணியடித்து, "பெரியவரே, ஓரமா நில்லுங்க," என்றார். அவமானத்தில் காது மடலெல்லாம் எரிந்தது, ஊரே பார்ப்பதுபோல.

திரும்பி ஸ்டூடியோவுக்குள் ஏறினார்.

"இது வேண்டாங்க. முதல்ல இருந்தமாதிரியே போடுங்க. பேப்பரோட."

"ஏன் சார், நல்லா வரலையா?"

"நல்லாத்தான் வந்திருக்கு. எனக்கு எடுத்தபடியே வேணும். ஒண்ணையும் தொடாதீங்க."

ஸ்டூடியோக்காரர் துக்க வீட்டு மனுஷரோடு எதற்கு வாதம் என்று நினைத்தாரோ என்னவோ, பேசாமல் மாற்றிக் கொடுத்தார்.

வீட்டில் ஆள் கூடியிருந்தது. வாசலை ஒட்டிய சின்ன மேஜையில் யாரோ துணி விரித்து வைத்திருந்தார்கள். தராசு காகிதத்தைப் பிரித்துப் படத்தை நிறுத்தினார். வந்த இரண்டு பேர் பார்த்துவிட்டு, "அப்படியே இருக்காங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதிசயமில்லை, கூடவே வாழ்ந்தவனுக்கே தெரியவில்லை.

மருமகள் தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. மேஜையில் சொம்பை வைக்கப் போனவள் படத்தைப் பார்த்தாள். கை அந்தரத்தில் நின்றது. அவள் துணி நிறம் பார்த்து நூல் எடுக்கிறவள். அவளுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாளைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள். பிறகு அவரை.

"இது அன்னிக்கு நீங்க எடுத்ததா மாமா?"

"ஆமாம்மா."

"அப்ப நீங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"பாத்தேன். கேமரா சரியில்லன்னு நினைச்சேன்."

உள்ளே மகள் யாரிடமோ அம்மாவின் கடைசி நாட்களைச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். "ஒருத்தருக்குக்கூட கண் இல்லாமப் போச்சே," என்பது தெளிவாகக் கேட்டது. மருமகள் அந்தப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். சொம்பை வைத்தாள். அப்புறம் படத்தின் சட்டத்தைப் பிடித்துச் சற்றே திருப்பி வைத்தாள். வாசல் வெயில் கண்ணாடியில் பட்டு, படத்தின் கீழ்ப்பாதி முழுக்கப் பளபளப்பாகிவிட்டது. கண்ணும் நெற்றியும் மட்டும் தெரிந்தன.

"இப்படியே இருக்கட்டும் மாமா," என்றாள் மெதுவாக. "இன்னிக்கு வேணாம்."

அவருக்கு அவள் காலில் விழலாம்போல இருந்தது. அந்தச் சலுகையை வாங்கிக்கொள்ள உடம்பில் ஒவ்வொரு அணுவும் கெஞ்சியது. இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்து, வெயில் விலகும்படி நேராக்கினார்.

"உன்மேல எந்தத் தப்பும் இல்லம்மா," என்றார். பிறகு உள்பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டார். குரல் சரியாக எழவில்லை. மறுபடி கூப்பிட்டார்.

"என்னப்பா?" என்று மூக்கை உறிஞ்சியபடி வந்தாள் அவள். பின்னாலேயே மகனும் வந்து நின்றான்.

"மூக்குக்கண்ணாடியைப் போட்டுட்டு இதைக் கிட்டப் பாரும்மா. அம்மா உதட்டைப் பாரு. நகத்தைப் பாரு. போன மாசம் நான் எடுத்தது."

மகள் ஒன்றும் புரியாமல் அவரையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். அவள் மூச்சுப் பட்டுப் படம் மங்கியது. விரலால் துடைத்துவிட்டு இன்னும் கிட்டத்தில் குனிந்தாள்.