கதவுக்கடியில் ஒற்றைக் கால்

தான் வெட்டியது மருமகனுடைய ஜீன்ஸ் என்று ராஜையாவுக்குத் தெரிய வந்தபோது, அதன் ஒரு கால் ஏற்கெனவே வயிறு நிறைய மணல் தின்று, இரண்டு முனையும் சணலால் கட்டுண்டு, ஏசி அறைக் கதவின் அடியில் நிம்மதியாகப் படுத்திருந்தது.

அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? மனைவி பிரேமகுமாரி தரை துடைக்கும் பழந்துணிகளைக் காயப்போடுவது பின்மதிலில்தான். அங்கே கிடந்த ஜீன்ஸுக்கு இரண்டு முட்டியும் கிழிந்து நூல் தொங்கியது. கிழித்து விற்பதற்குக் கூடுதல் விலை என்பது, ஆரியங்கோட்டில் ரப்பர் வெட்டுகிற மனிதருக்கு எப்படித் தெரியும்? மணல் ஒழுகாமலிருக்க அந்த முட்டியைத் தைக்கும்போது, ‘இதை உடுத்தினவன் பாவம்’ என்று அவருக்கு இரக்கம்கூட வந்தது.

எல்லாம் ஒரு ராத்திரிக்காகத்தான். மகள் லிஜாவும் மருமகன் சஜனும் திருவனந்தபுரத்திலிருந்து வருவார்கள், உண்பார்கள், பொழுது சாய்ந்தால் பைக் ஏறிவிடுவார்கள். தங்கமாட்டார்கள். ஏன் என்று கேட்டால் லிஜா, “வேலை உண்டுப்பா” என்பாள். சஜன், “அடுத்த பிராவசியம் வரும்போ பாப்போம் மாமா” என்பான். பிரேமகுமாரியோ, “அவியளுக்க சௌகரியம்” என்று மீனைத் திருப்பிப் போடுவாள்.

சூடுதான் காரணம் என்று முடிவுகட்டி ராஜையா ஏசி வாங்கினார். அப்போதும் தங்கவில்லை. கதவடியில் கை நுழைகிற இடைவெளி. குளிரெல்லாம் அந்த வழியாக இறங்கி பக்கத்து ஊர் பாறசாலைக்குப் போகிறது என்று கண்டுபிடித்தார். மணல் திணித்த துணியை வைத்து அடைக்கும் வித்தையைக் கைபேசியில் பார்த்துப் படித்தார்.

இன்று அவர் உதியன்குளங்கரைக்கு இறைச்சி வாங்கப் போயிருந்த நேரத்தில் பிள்ளைகள் இருவரும் மழையில் நனைந்து வந்திறங்கினார்கள். திரும்பி வந்தவர் கண்டதெல்லாம் தன் கைலியில் நின்ற மருமகனைத்தான்; நனைந்த ஜீன்ஸ் பின்மதிலில் காய்வதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு அவன் ஏசி அறையில் கண்ணயர்ந்ததும் இவர் கத்தரிக்கோலை எடுத்தார்.

“அப்பா,” லிஜா பின்வாசலிலிருந்து வந்தாள். கையில் மிச்ச ஜீன்ஸ். “இவருக்க ஜீன்ஸுல ஒரு காலக் காணல்ல.”

ராஜையா கதவடியைப் பார்த்தார். அவர் பார்த்த இடத்தை எல்லோரும் பார்த்தார்கள். அப்போது பார்த்துக் கதவைத் திறந்து சஜனும் வந்தான்.

“எனக்க நைட்டிக்கு ஒரு கொக்கி தைக்கச் சொன்னா கண்ணு தெரியாது,” என்றாள் பிரேமகுமாரி. “இன்னைக்கி டெய்லராயாச்சு!”

“கிழிஞ்சில்லா கெடந்துது...”

“அது ஸ்டைலாக்கும் அப்பா!”

சஜன் குனிந்து தன் ஜீன்ஸ் காலைத் தூக்கினான். கனத்தது. தைத்த முட்டியைத் தடவிப் பார்த்தான். “தையல் நல்லாட்டு இருக்கு மாமா,” என்றான்.

அந்த மரியாதையைத்தான் ராஜையாவால் தாங்க முடியவில்லை.

“மக்கா, ஜீன்ஸு நான் வாங்கித் தாறேன். நேராட்டு ஒண்ணு சொல்லு. ஏசி வச்சேன், இந்தா இடையும் அடச்சாச்சு. எனக்க வீட்டுல ஒரு ராத்திரி கெடக்கதுக்கு ஒனக்கு என்ன கொறவு?”

“அப்பா, வேலை—”

“நீ மிண்டாத இரிட்டீ. நான் அவன்கிட்டயாக்கும் கேக்கேன்.”

பிரேமகுமாரி மின்விசிறியைப் பார்த்தாள். சஜன் மணல் காலைக் குழந்தையைப்போல இடுப்பில் வைத்துக்கொண்டான்.

“கோவப்படப்பிடாது மாமா. சூடும் இல்ல, குளிரும் இல்ல. பாத்ரூமுக்குப் போகணும்னா நீங்க கெடக்க ஹாலத் தாண்டணும். கல்யாணம் முடிஞ்சு இங்க கெடந்தப்போ, நான் எந்திரிக்கும்போ எல்லாம் நீங்க டார்ச் அடிச்சு, ‘மக்கா, வயிறு செரியில்லியா? சுக்குவெள்ளம் போடட்டா?’ன்னு மாமியையும் எழுப்பினிய. மறுநாள் காலத்த சர்ச்சுக்குப் போனா, பாஸ்டரு எனக்க கையப் பிடிச்சு வயிறு இப்போ எப்படி உண்டுன்னு கேக்காரு.”