படிக்கட்டில் வெளிச்சம் போதவில்லை

நான் சொல்லப்போவது நடந்ததா, படத்தில் பார்த்ததா என்று எனக்கே இப்போது நிச்சயமில்லை. அந்தப் படத்தைத் தேவைக்கு மேல் பார்த்துவிட்டேன். அப்பாவின் அறையை நினைத்தால் அது வாசற்படியிலிருந்துதான் தெரிகிறது. கேமரா இருந்த இடம் அது. நான் நின்றது ஜன்னல் பக்கம். ஆனால் நினைவில் என் முதுகை நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது.

அது அக்காவைப் பற்றிய ஆவணப்படம். ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கும் சலவைக்கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. ஈரமான படுக்கை விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே பிடித்து, ஒரே நேரத்தில் உதறி, சூடான இஸ்திரி உருளைக்குள் சுருக்கமில்லாமல் விட வேண்டும். நாள் முழுக்க அதுதான். வீட்டுக்கு வந்தால் அப்பா. பக்கவாதம் அவருடைய பேச்சையும் வலப்பக்கத்தையும் கொண்டுபோயிருந்தது. காதில் மட்டும் ஒரு குறையும் இல்லை. அக்கா வேலைக்குப் போகும் நேரத்தில் கீழ்வீட்டு அம்மா வந்து பார்த்துக்கொள்வார். நான் கல்யாணமாகித் தனியாக இருந்தேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். கடை விட்டதும் அங்கே எட்டிப்பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

படம் எடுக்க வந்தவர்கள் இரண்டு பேர்தான். டைரக்டர் ஒரு பெண். மெல்லிய குரல். பேட்டி எடுக்க மாட்டேன், பின்னணிக் குரல் கிடையாது, இசை கிடையாது, இதைச் செய் அதைச் செய் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கூடவே இருப்பாராம், நடப்பது நடக்கும்போது எடுப்பாராம்.

"நாங்க இங்க இல்லைன்னே நினைச்சுக்குங்க."

"சரி," என்றாள் அக்கா. "இல்லாதவங்களுக்கு டீ போடணுமா, வேண்டாமா?"

கேமராக்காரருக்கு அக்கா வைத்த பெயர் நிழல். அடுப்படிக்குப் போனாலும் அவள் பின்னாலேயே சத்தமில்லாமல் வந்து நிற்பார். டைரக்டர் சும்மா வேடிக்கை பார்க்கிற ஆள் இல்லை. சலவைக்கூடத்தில் சொல்லி வைத்து, கொஞ்ச நாள் அக்காவுக்கு எதிரே நின்று விரிப்பு உதறினார். விரல் நுனியெல்லாம் கொப்புளம். "மேடம் உதறினா விரிப்புக்கு வலிக்குமோன்னு உதறுறாங்க," என்று அக்கா கேலி செய்தாள். அன்றிலிருந்து அவள் அவரிடம் எதையும் மறைக்கவில்லை.

மழைக்காலம் முழுக்க இருந்தார்கள். அப்பாவுக்கு மட்டும் அவர்கள் இல்லாதவர்களாக ஆகவே இல்லை. கேமரா எங்கே போனாலும் அவர் கண் கூடவே போகும்.

"நடிக்கிற ஆசை விடலை பாரு," என்பாள் அக்கா. "நல்லபடியா படுங்கப்பா, சின்னப்பிள்ளைங்க மாதிரி பண்ணாதீங்க."

துவைத்த துணிகளை ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோகும் வேனை ஓட்டுபவர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். அக்காவுக்கும் அவருக்கும் நடுவே எப்போது என்ன பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியாது. அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கல்யாணம் செய்துகொண்டு கூட வரச்சொல்லிக் கேட்டார். அக்காவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. அவளை அப்படி யாரும் அதுவரை கேட்டதில்லை.

அப்பாவை என் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, நானும் மனைவியும் காலையில் போனால் இருட்டித்தான் வருவோம். ஊருக்கு வெளியே, படுத்த படுக்கையானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருந்தது. நானும் அக்காவும் போய்ப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. ஒரு கட்டில் காலியாகியிருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார்கள்.

அந்த வாரம் எங்கள் இருவருக்கும் லீவான ஒரு மத்தியானம். அப்பாவின் விரிப்புகளை அலசி மொட்டைமாடிக்கு எடுத்துப்போன அக்கா, பாதிப் படியில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் கீழிருந்து ஏறிக்கொண்டிருந்தேன். படக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"நான் சொல்றதைக் கேளு," என்றாள். "அப்பாவை அங்கயே சேத்துடலாம்டா. என்னால முடியலை. முதுகு போயிடுச்சு. நானும் கொஞ்ச நாள் மனுஷியா இருந்துட்டுப் போறேனே."

"சேத்துடலாம்க்கா. வாரா வாரம் நான் போய்ப் பாத்துக்கறேன்," என்றேன். சொன்னதாகத்தான் ஞாபகம்.

அக்கா கொஞ்சம் அழுதாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்த் துணியைக் காயப்போட்டாள்.

டைரக்டர் திரும்பி வந்தபோது அக்காவின் முகத்தைப் பார்த்தே எதையோ தவறவிட்டோம் என்று புரிந்துகொண்டார். அக்கா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எனக்குக் கேக்கவே கூச்சமா இருக்கு. இது இல்லாம படமே இல்லை. அதே மாதிரி இன்னொரு தடவை பேச முடியுமா?"

"அதுக்கென்ன மேடம்," என்றாள் அக்கா. "இந்த வீட்டுல ஒரு விஷயத்தை ஒரு தடவை சொன்னா எவன் கேக்கறான்."

நிழல் படிக்கட்டில் ஏறி இறங்கிப் பார்த்தார். அங்கே ஒரு குண்டு பல்பு மட்டும்தான். விளக்கு வைத்தால் நாடகம் போல் ஆகிவிடும் என்றார். அந்த வீட்டில் நல்ல ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். அது அப்பாவின் அறையில் இருந்தது.

"அப்பா?" என்று கேட்டார் டைரக்டர்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "தூங்கறார்."

மத்தியானத்தில் அவர் தூங்குவது வழக்கம். யாருக்கும் அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. விரிப்புகள் மாடியில் காய்ந்துகொண்டிருந்ததால், அலமாரியிலிருந்து வேறு இரண்டை எடுத்து, ஒரு குவளைத் தண்ணீர் தெளித்து, கூடையில் போட்டோம். அக்கா ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் அவளைப் பார்த்து நின்றேன். கட்டில் எனக்குப் பின்னால். அதற்கும் பின்னால், வாசற்படியில், கேமரா.

"நான் சொல்றதைக் கேளு," என்று அக்கா ஆரம்பித்தாள். அங்கேயே நின்றாள்.

வார்த்தை மறந்துவிட்டது என்று நினைத்தேன். எடுத்துக்கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அது என்னவென்று படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். திரையின் ஓரத்தில் அப்பாவின் இடது கை. போர்வையின் ஒரு சுருக்கத்தை அது மெதுவாக நீவிவிடுகிறது. நீவிய இடத்தையே திரும்ப நீவுகிறது.

"அப்பாவை," என்றாள். "அப்பாவை நானே பாத்துக்கறேன்டா. நீ ஒண்ணும் கவலைப்படாதே."

நான் சொல்ல வைத்திருந்த பதிலுக்கு இடமில்லாமல் போனது. டைரக்டர் நிறுத்தச் சொல்லவில்லை. அந்த மௌனம் படத்தில் மிக நீளமானது. ஜன்னலுக்கு வெளியே ஒரு சைக்கிள் போகிறது, யாரோ இருமுகிறார்கள். பிறகு அக்கா எழுந்து, அப்பாவின் தலையணையைத் திருப்பிப் போட்டாள்.

வெளியே வந்ததும் டைரக்டரிடம் சொன்னேன். "அக்கா முதல்ல சொன்னது இது இல்லை."

"தெரியும்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "ஆனா இப்ப சொன்னதும் அவங்கதானே."



வியாழக்கிழமை அக்காவிடம் பேசினேன். அவள் அப்பாவுக்கு மசித்த சாப்பாட்டை ஊட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"படத்துக்காகச் சொன்னதுதானேக்கா. நாளைக்கு ஒரு நாள் இருக்கு. நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

"கிண்ணத்தைப் பாரு," என்றாள்.

"என்ன?"

"காலியா இருக்கு. மாசக்கணக்கா பாதியைத் துப்புவார். அன்னிக்கிலேருந்து துப்பறதே இல்லை. சவரம் பண்ணிவிடச் சொல்லிக் கன்னத்தைக் காட்டறார். இனிமே எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மாத்திச் சொல்றது?"

"நான் வேணா சொல்றேன்."

"போ. சொல்லு."

உள்ளே போனேன். அப்பா என்னைப் பார்த்ததும் வராத வலப்பக்கத்தையும் சேர்த்துச் சிரிக்கப் பார்த்தார். என் சட்டையில் ஒரு பொத்தான் திறந்திருந்தது. இடது கையால் அதைப் போட்டுவிட முயன்றார். குனிந்து நின்றேன். ரொம்ப நேரம் ஆயிற்று. போட்டு முடித்ததும் வெளியே வந்தேன். அக்கா துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அந்தக் கட்டில் வேறு யாருக்கோ போனது.

படத்தை முதலில் திரையிட்டபோது எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். முடிந்ததும் நிறையப் பேர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். என்னிடம் யாரும் வரவில்லை. ஒன்றுக்கும் உதவாத தம்பி ஊமையாக நிற்கிறான் என்று ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். அது பரவாயில்லை. ஆனால் திரும்பத் திரும்பப் பார்த்ததில், படிக்கட்டில் நான் பதில் சொன்னேனா, அங்கேயும் இப்படித்தான் நின்றேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. அக்காவைக் கேட்டேன். "சொன்னியா என்ன? எனக்கும் படம்தான்டா ஞாபகம் இருக்கு," என்றாள்.

திரையிட்ட அன்று கூட்டத்தில் ஒருவர், எப்படி அம்மா அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று அக்காவைக் கேட்டார். அவள் மைக்கைக் கையில் வாங்கினாள்.

"படிக்கட்டுல வெளிச்சம் பத்தலைங்க," என்றாள்.

நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

அப்பா அதன் பிறகு பல வருடங்கள் இருந்தார். தூக்கத்தில் போனார். வேன்காரர் மாற்றலில் போய், கொஞ்ச காலம் காத்திருந்துவிட்டு, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார். கீழ்வீட்டு அம்மா மகள் வீட்டோடு போய்விட்டார். டைரக்டர் அதற்குப் பிறகு படம் எடுக்கவில்லை. ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார். நிழல் கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கிறார். அக்கா அதே சலவைக்கூடத்தில்தான் இருக்கிறாள். உதற முதுகு இடம்கொடுக்காததால் உட்கார்ந்து மடிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். நான் கண்ணாடிக் கடையில் இருக்கிறேன்.