பிரான்சுக்கு ஆகாத பாகு

விடியற்காலை ஐந்து மணிக்கு உழவர்கரை மிட்டாய்க் கம்பெனியில் முதல் கொப்பரை சுழலத் தொடங்கும்போது, சலீமா அதன் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டிருப்பாள். சாய்ந்து சுற்றும் செப்புக் கொப்பரைக்குள் சோம்பு ஏறிச் சரியும். அதன்மேல் ஒரு அகப்பை சூடான பாகு. ஒட்டிக்கொள்வதற்குள் விரலால் பிரிக்க வேண்டும். காய்ந்ததும் மறுபடி பாகு, மறுபடி விரல். ஒரு சோம்பு மிட்டாயாகத் திரள நாற்பது தடவை. பத்து மணிக்கெல்லாம் கை அவளுடையதா கொப்பரையுடையதா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிடும்.

பாகில் வெள்ளைப் பவுடர் கரைப்பார்கள். அடி வெளுத்திருந்தால்தான் மேலே ரோசாவும் பச்சையும் பளிச்சென்று நிற்கும். மூட்டையைக் கவிழ்க்கும்போது பாகுக்குப் போனது போக மிச்சம் சலீமாவின் புருவத்துக்கும் மூக்குக்கும் போகும். எட்டு வருஷமாக அப்படிப் போனதில், மூலக்குளத்து வாடகை வீட்டில் அவள் இருமினால் பக்கத்துப் போர்ஷனில் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார்கள்.

தன்னை யாராவது முதலாளி என்று கூப்பிட்டால் ஆதிமூலத்துக்கு மனசு சங்கடப்படும். "நானும் உங்கள்ல ஒருத்தன்தாம்மா" என்பார். அந்த ஒருத்தனின் அறைக்கு மட்டும் ஏசி இருந்தது. சுவரில் சான்றிதழ்களுக்கு நடுவே, தரத்தின் பெருமை பற்றி அவரே எழுதிய வாசகம் ஒன்று, அவர் படத்தோடு.

மாதத்தில் இரண்டு நாள் பிரான்சுச் சரக்கு ஓடும். அந்த நாட்டில் தின்பண்டத்தில் இந்தப் பவுடரைத் தடை செய்துவிட்டார்கள். உடம்புக்குக் கெடுதி இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பது காரணம். ஆகவே அன்றைக்குப் பவுடருக்குப் பதில் அரிசி மாவு. அன்றைக்கு எல்லோருக்கும் முகமூடி, கையுறை, தலைக்கு வலைத்தொப்பி. போட்டோ எடுத்துப் பிரான்சுக்கு அனுப்பியதும் திரும்ப வாங்கிப் பீரோவில் பூட்டிவிடுவார்கள். மறுநாள் பவுடர் வரும், முகமூடி வராது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு முதலாளி கையில் ஒரு காகிதத்தோடு கொப்பரைக் கூடத்துக்கே வந்தார். பிரான்சுக்குப் போன சரக்கில் பவுடர் இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்து, மொத்தத்தையும் திருப்பிவிட்டார்களாம்.

"எப்டி போச்சு சலீமா?"

சலீமாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்தச் சரக்கு ஓடிய காலையில் முந்தின நாள் பவுடர்ப் பாகு அரை அண்டா மிச்சம் இருந்தது. ஒரு சொட்டுப் பாகு வீணாகக் கூடாது, மிச்சம் அடுத்த சரக்கில் சேர வேண்டும் என்பது இந்தக் கம்பெனியின் வேதம். போன வருஷம் பாகைக் கொட்டிய ஒருத்தியை ஆதிமூலம் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். சலீமா அரை அண்டாவையும் பிரான்சுக் கொப்பரையில் ஊற்றியிருந்தாள்.

"மிச்சப் பாகு மொதலாளி. நீங்கதான கொட்டக் கூடாதுன்னு..."

"அது லோக்கலுக்குச் சொன்னதும்மா. மூளை வேணாமா?" காகிதத்தை நீட்டினார். "இதுல ஒரு கையெழுத்து போடு. அவங்களுக்குக் காட்டணும். ரெண்டு மாசம் வீட்ல ரெஸ்ட் எடு. இருமலுக்கும் நல்லது."

காகிதம் இங்கிலீஷில் இருந்தது. சலீமா அதைப் பாய்லர்காரர் அலெக்சாண்டரிடம் கொடுத்தாள். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அறிவுரைய மீறி, அஜாக்கிரதையா, தன் இஷ்டத்துக்குச் செஞ்சேன்னு இருக்குது. வேலைய வுட்டு நானா நின்னுக்கறேன்னும் இருக்குது."

"ரெண்டு மாசம்னாரு?"

"மாசக் கணக்கே இல்ல தங்கச்சி."

சலீமாவுக்குக் கோபம் வரவில்லை. அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். பிள்ளைகள் முதஸ்ஸிரும் ஃபரீஹாவும் பள்ளிக்கூடம் விட்டு வருவார்கள். இந்த வேலை இல்லாவிட்டால் அடுத்த மாதம் அந்த வீடு இல்லை. போடாவிட்டாலும் அனுப்பத்தான் போகிறார், போட்டால் போகுது என்றுகூடத் தோன்றியது. பேனாவை வாங்கினாள்.

"வையி கீழ." இரண்டாம் கொப்பரை பெர்னதெத் வந்து நின்றாள். "முசே, எனக்கு ஒரு சந்தேகம்."

பிரெஞ்சு மரியாதையில் கூப்பிட்டால் ஆதிமூலத்துக்குப் பிடிக்கும். பெர்னதெத் கூப்பிடும் விதம் மட்டும் பிடிக்காது.

"என்ன?"

"எந் தங்கச்சி ஜோவிதா பாரீஸ்ல கீறா. நான் வில்லியனூர் ரோட்ல கீறேன். ஒரே வயித்துல பொறந்தோம். அவ புள்ளைக்கு ஆவாத பவுடர் எம் புள்ளைக்கு மட்டும் எப்டி ஆவும்?"

"நம்ம நாட்டுல அளவோட போட்டா சட்டப்படி சரி. தெரியாம பேசாத."

"மிட்டாய்க்கு அளவு இருக்குது முசே. எங்க மூக்குக்கு எவ்ளோ அளவு?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு இருமலில் முடிந்தது. அது அடுத்த கொப்பரைக்குத் தொற்றி, அதற்கடுத்ததற்கும் போயிற்று.

"வேலயப் பாருங்க! பாகு கட்டிக்கப் போவுது!"

அலெக்சாண்டர் மெதுவாகப் போய் மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினார். நான்கு கொப்பரைகளும் முனகிக்கொண்டு நின்றன. நின்ற கொப்பரையில் சோம்பும் பாகும் கால்மணி நேரத்தில் ஒரே பாறை, உளிதான் வேண்டும். பழக்க தோஷத்தில் சலீமாவின் கை பிரிப்பதற்காகக் கொப்பரைக்குள் போயிற்று. பெர்னதெத் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டிக்கட்டும்."

"இது துரோகம்! போலீசக் கூப்புடுவேன்!" என்றார் ஆதிமூலம்.

"கூப்புடுங்க. அவங்க புள்ளைங்களும் இதத்தான் துன்னுது" என்றாள் மூன்றாம் கொப்பரை சின்னப்பொண்ணு.

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் பேசத் தொடங்கினார்.

காலை ஷிப்டின் பதினேழு பேரும் வாசலுக்கு வெளியே, ஷெட் நிழலில் உட்கார்ந்தார்கள். வீரமாக யாரும் எதுவும் சொல்லவில்லை. முட்டி வலி பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். பிறகு அலெக்சாண்டர் அந்தக் காகிதத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் தமிழில் எழுதினார். மிச்சப் பாகை ஊற்றச் சொன்னது கம்பெனி. சலீமா வேலையில் இருப்பாள். பவுடர் ஓடும் நாளெல்லாம் முகமூடி வேண்டும். பிரான்சுக்கு எந்தப் பாகோ புதுச்சேரிக்கும் அதே பாகு.

"கடேசி வரி ரொம்ப ஓவர் இல்லண்ணா?" என்றாள் சலீமா.

"ஓவர்தான். இருக்கட்டும்."

முதல் கையெழுத்தைச் சலீமா போட்டாள். பேனாவைப் பெர்னதெத்திடம் நீட்டினாள்.

இரண்டு மணிக்கு மதிய ஷிப்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியது. குருசுக்குப்பத்துச் செல்வாம்பாள் முன்னால் வந்தாள்.

"இன்னாடி, மிஷினு ஓடல? கரண்டு இல்லியா?"

"கரண்டு கீது. நாங்கதான் ஓடல" என்றாள் பெர்னதெத். காகிதத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தாள்.

செல்வாம்பாள் உள்ளே ஆதிமூலத்தின் மூடிய கதவைப் பார்த்தாள். தன்னோடு வந்த பதினோரு பேரைப் பார்த்தாள். ஒரு நீண்ட பெருமூச்சு விட்டாள். வேலைக்கு வரும்போதே களைத்திருந்தவளின் பெருமூச்சு.

"தள்ளி ஒக்காரு சலீமா. பேனா எங்க?"

காகிதத்தில் இடம் போதவில்லை. சின்னப்பொண்ணு எழுந்து போய், வாசலோரம் கிடந்த காலி அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து விரித்துக்கொண்டு வந்தாள்.