அழுதார்

...அது ரேடியோ இல்லை, குழாய், குளியலறைக் குழாய், அதைத்தான் குறிப்பில் ரேடியோ என்று மாற்றி எழுதினாள், வங்கி வேலையைப் பள்ளிக்கூட வேலை ஆக்கினாள், இரண்டு பிள்ளைகளை ஒன்றாக்கினாள், இத்தனை மாற்றிய பிறகு அது யாரோ ஒருத்தியின் கதைதானே என்று அப்போது தோன்றியது, இப்போது, உரிம அலுவலகத்தின் ஆடுகிற நாற்காலியில், கையில் நாற்பத்தேழாம் எண் சீட்டோடு, அந்த யாரோ ஒருத்தி பக்கத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்போது, அப்படித் தோன்றவில்லை. தங்கைதான். காலையிலேயே லீவு போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றாள், அக்கா உளவியலாளர் லைசென்ஸ் வாங்குற நாள்ல நான் பேங்க்ல முத்திரை குத்திக்கிட்டு இருக்கணுமா என்று. திரையில் முப்பத்தொன்பது. இன்னும் ஏழு பேர். மடியில் படிவம், எல்லாக் கட்டமும் நிரப்பியாயிற்று, கடைசி வரிக்குக் கீழே மட்டும் கையெழுத்து பாக்கி. மேற்காணும் பயனாளிகளில் எவரும் என் உறவினர் அல்லர்.

நாற்பத்தாறு வயதில் படிக்கக் கிளம்பியவளுக்கு எல்லாமே அவசரம், பாவம். படிப்பு முடிந்தது, தேர்வும் முடிந்தது, மேற்பார்வையில் வேலை பார்க்க வேண்டிய மணி நேரங்கள்தான் இழுத்தடித்தன, பேச வருகிறவர்களை, படிவத்தின் பாஷையில் பயனாளிகளை, உட்காரவைத்துக் கேட்டு, கேட்டதைக் குறிப்பாக எழுதி, மேற்பார்வையாளர் அம்மாவிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும், அந்த அம்மாவுக்குப் பயிற்சிக்காரர்கள் வைத்த பெயர் கடிகாரம், அரை மணியைக்கூட விட்டுக்கொடுக்கமாட்டார். கெடு முடிகிற மாதம், மூன்று மணி நேரம் குறைந்தது, வருவதாக இருந்தவர் ஊரை விட்டே போய்விட்டார், இதை விட்டால் இன்னும் ஆறு மாதம்... அந்த மாதம் பார்த்துத்தானா தங்கை மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து வரவேண்டும்? சமையலறையில் இவளோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள், யாருக்கும் தெரிய வேணாங்க்கா, அவர்கிட்டகூட நான் சொன்னதில்ல. மூத்த பெண் கைக்குழந்தையாக இருந்தபோது ஆறு மாதம் அவளைத் தொடவே பயமாம், தன் கை என்ன செய்துவிடுமோ என்று தன் கையைப் பார்த்தே பயமாம், பிள்ளை அழுதால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு நிற்பாளாம், சத்தம் கேட்காமலிருக்க. பதினோரு வருடம் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேசி வளைய வந்திருக்கிறாள். அந்த ஆறு மாதத்தில் இவளும் எத்தனை தடவை போனாள், பிள்ளையைக் கொஞ்சிவிட்டு, ஏண்டி இப்படி இளைச்சுட்டே, நல்லா சாப்பிடு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பினாள், குழாய்ச் சத்தம் ஒரு நாளாவது காதில் விழுந்திருக்காதா? விழுந்திருக்கும். குளிக்கிறாள் என்று நினைத்திருப்பாள்.

முதல் ஞாயிறு அக்காவாகத்தான் கேட்டாள், அதில் பொய்யில்லை, தானும் அழுதாள். இரண்டாவது ஞாயிறு, எந்த நிமிஷம் என்று தெரியவில்லை, மனசின் ஒரு மூலை எழுதத் தொடங்கிவிட்டது, இந்த இடத்தில் குறுக்கே பேசாதே, இந்த இடத்தில் காத்திரு, காத்திருந்தாள், தங்கை கொட்டித் தீர்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, நீ இப்பதாங்க்கா நான் சொல்றத கேக்குற என்றாள்... இப்போது கூப்பிட்டது நாற்பத்திரண்டா, நாற்பத்து மூன்றா? மூன்றாவது ஞாயிறு இரவு, இரவல் வாங்கிய மடிக்கணினியில் மூன்று வாரத்துக்கும் சேர்த்துக் குறிப்பு எழுதினாள். அவள் அழுதாள் என்றுதான் விரல் தானாக அடித்தது, பிறந்த நாளிலிருந்து வாடி போடி என்று கூப்பிட்டவளை விரல் வேறெப்படி எழுதும், பிறகு முதலிலிருந்து போய் ஒவ்வொரு ‘ள்’ளையும் ‘ர்’ ஆக்கினாள், பயனாளி அழுதார், பயனாளி எழுந்து நின்றார், பயனாளி ரேடியோவைச் சத்தமாக வைத்ததாகக் கூறினார், ஓர் எழுத்து மாறுகிறதுதான், அந்த ஓர் எழுத்தில் தங்கை வீட்டை விட்டு வெளியே போய் வாசலில் அந்நியளாக நின்றாள். ஓரிடம் மட்டும் கண்ணுக்குத் தப்பிவிட்டது, மூன்றாம் பக்கத்தில், ‘கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்’. கடிகாரம் அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘மரியாதை’ என்று எழுதினார். அத்தோடு விட்டிருக்கலாம். காகிதத்தை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்து, மத்ததெல்லாம் புத்தகத்தைப் பார்த்து எழுதினது மாதிரி இருக்கும்மா, இது ஒண்ணுலதான் நீ மனுஷியா உக்காந்து கேட்டிருக்கே என்று சொல்லி, குறைந்த மூன்று மணி நேரத்துக்கும் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடத்தில் அவர் வாயால் வந்த ஒரே நல்ல வார்த்தை. அதற்கு இவள் நன்றி வேறு சொன்னாள்.

நாற்பத்தைந்து. ஒருவர் வெள்ளை உறையோடு எழுந்து போகிறார், வாசலில் நின்று யாருக்கோ போன் பண்ணிச் சிரிக்கிறார். தங்கை தோளால் இடித்தாள், ஏங்க்கா, இனிமே உன்னை வாங்க போங்கன்னுதான் கூப்பிடணுமா என்று, தானே சிரித்தாள், தெரிந்து சொல்லவில்லை, அவளுக்கு எப்படித் தெரியும். தங்கையின் கண் படிவத்தின் மேல் போயிற்று, ஒரு கையெழுத்து விட்டுட்டியே, இந்தா என்று பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டாள். எவரும் என் உறவினர் அல்லர். போட்டால் எதிரே இருக்கிற கவுண்டர், அறையும் மேசையும் பெயர்ப்பலகையும், நாளைக்கே வந்து உட்காரப்போகிற யார் யாரோ... போடாவிட்டால் ஏன் என்று தங்கையிடம் சொல்ல வேண்டும், சொன்னால் அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் அவளிடமிருந்து போய்விடும், பதினோரு வருடத்துக்குப் பிறகு கிடைத்தவை, அவற்றையும் பிடுங்கிக்கொள்வதா? பேனா முனை வரியின் மேல் நின்றது.

“என்னக்கா? சொல்லு.”

நாற்பத்தாறு என்றது ஒலிபெருக்கி. இவள் திரையைப் பார்த்தாள். தங்கை மறுபடி கேட்கவில்லை. உடம்பு சரியில்லையா என்றோ, தண்ணி வேணுமா என்றோ, பயமா என்றோ கேட்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு, லேசாக இவள் பக்கம் திரும்பி, முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தேழு, இவளுடைய எண், இவள் எழவில்லை. வளவளவென்று பேசுகிறவளாயிற்றே, இப்படிக் காத்திருக்கத் தங்கைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்... இவள்தானே வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு இப்படியே திரும்பி உட்கார்ந்திருந்தாள், இதே அளவு, இதே மாதிரி. அதைப் போய் அவள் அன்பு என்று நினைத்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அல்லது அது அன்பாகவே இருந்ததோ? எதை வைத்துப் பிரிப்பது?

நாற்பத்தெட்டு என்றது ஒலிபெருக்கி.