தோணியில் இறங்கிய பிள்ளை

"நீ கடலப் பாத்திருக்கியா?" என்று ஞானமுத்து கேட்டபோதே செபஸ்தியம்மாளுக்குத் திக்கென்றது.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் இப்படி எதையும் கேட்டதில்லை. ராயப்பன்பட்டியிலிருந்து பருத்திப் பொதி ஏற்றிக்கொண்டு மாதம் ஒரு நடை மதுரைக்கு வண்டி ஓட்டுகிறவன். போவான், வருவான், மாட்டைப் பற்றிப் பேசுவான். இந்த நடைக்குத்தான் திடீரென்று, "நீயும் வா, பட்டணத்தப் பாரு" என்று கூட்டி வந்திருந்தான். பையன்கள் இரண்டு பேரையும் அவள் தங்கை ஞானசெல்வியிடம் விட்டுவிட்டு வந்தாள். மதுரை வண்டிப்பேட்டையில் இரண்டு நாள் மாட்டுச் சாணத்துக்கும் ஓயாத கூச்சலுக்கும் நடுவே கிடந்தாயிற்று. இப்போது கடல்.

"விடியுமுன்ன ரயிலேறுனா உச்சிப்பொழுதுக்குத் தூத்துக்குடி. மாதா கோயில்ல கும்பிட்டுட்டு, கடலப் பாத்துட்டு, அன்னைக்கே திரும்பிரலாம்."

"மாடு?"

"சுருளியாண்டி பாத்துக்கிருவான். அவங்கிட்டச் சொல்லிட்டேன்."

கூட வண்டி ஓட்டி வந்தவனிடம் சொல்லியாயிற்று. பெண்டாட்டியிடம் கடைசியில் சொல்கிறான்.

தூத்துக்குடி என்ற பேரே அந்த வீட்டில் ஆகாது. ஞானமுத்துவின் தம்பி பிலவேந்திரன்தான் ஞானசெல்வியின் புருஷன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் "மதுரைக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன், தூத்துக்குடியில் கப்பலேறிக் கண்டிச்சீமைக்குப் போய்விட்டதாகப் பிறகு ஆள் வந்து சொன்னார்கள். தேயிலைத் தோட்டமாம். ஒரு காகிதம் போட்டதில்லை. ஞானசெல்வி கழுத்தில் தாலியோடு அக்காள் வீட்டில் காத்திருந்தாள்.

அவர்கள் பள்ளத்தாக்கில் அப்படிப் போனவர்கள் அநேகம். தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணிகள் ஊர் ஊராக வந்தார்கள். புருஷன் பெண்டாட்டியாக வந்தால் நல்லது, பிள்ளைகளைப் பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்பார்கள். செபஸ்தியம்மாள் இரவெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள். காலையில் ஒன்றும் கேட்காமல் எழுந்து அவனோடு நடந்தாள். அவனைத் தனியாக விடுவதைவிடக் கூடவே போவது மேல் என்று பட்டது.

ரயிலில் ஞானமுத்து ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான். விருதுபட்டியில் ஒரு கும்பல் ஏறியது. அதில் கோட்டுப் போட்ட ஒருவன், எதிரே உட்கார்ந்து அவர்களை ஏற இறங்கப் பார்த்தான்.

"கப்பலுக்கா?"

"இல்ல" என்றான் ஞானமுத்து. கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொழும்புக் கப்பல் வந்திருக்குமா இன்னிக்கு?" என்று கேட்டான்.

செபஸ்தியம்மாள் அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். கடல் பார்க்கப் போகிறவனுக்குக் கொழும்புக் கப்பல் எதற்கு?

கோவில்பட்டி தாண்டியதும் அவன் கண்ணயர்ந்தான். அவள் மெல்ல அவன் மூட்டையை இழுத்து அவிழ்த்தாள். பொரி, ஒரு வேட்டி, நாலாய் மடித்த காகிதம் ஒன்று. அவளுக்கு எழுத்துத் தெரியாது. அதற்கும் கீழே ஒரு பாவாடை. சிவப்பு, கஞ்சி வாசம் போகாத புதுசு. நாலு வயசுப் பெண்பிள்ளைக்கு ஆகும் அளவு.

அவளுக்கு இருப்பது இரண்டும் ஆண்பிள்ளைகள்.

மூட்டையை முன்போலவே கட்டி வைத்தாள். கண்டிச்சீமைப் பயம் அந்த நிமிஷமே போய்விட்டது. அதைவிட மோசமான ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. பெரியாற்று அணை வேலை தொடங்கிய காலத்தில் எட்டு மாதம் சாமான் வண்டி ஓட்டிக்கொண்டு மலையிலேயே கிடந்தானே, அங்கே எத்தனை பெண்கள் கல் சுமந்தார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். வருஷம் சரியாக வந்தது.

தூத்துக்குடியில் இறங்கியதும் மாதா கோயிலுக்குக் கூட்டிப் போனான். அவள் முழந்தாளிட்டு நிமிர்வதற்குள், "இங்கனயே இரு, இந்தா வந்துர்றேன்" என்று வெளியே நடந்தான். அவள் இருக்கவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு இருபது அடி பின்னால் போனாள்.

கடல் திடீரென்று எதிரே நின்றது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு போனாள். கப்பல் வெகு தூரத்தில், ஒரு கறுப்புக் கோடாக நின்றது. ஆட்களைத் தோணிகளில் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஞானமுத்து ஒவ்வொரு தோணியாக எட்டி எட்டிப் பார்த்தான். மூன்றாவது தோணியிலிருந்து ஒல்லியான ஆள் ஒருவன் ஒரு பெண்பிள்ளையைத் தூக்கி முழங்கால் தண்ணீரில் இறங்கினான். பிள்ளை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதது. ஞானமுத்து தண்ணீருக்குள் ஓடினான்.

செபஸ்தியம்மாள் போய் எதிரே நின்றாள்.

"யாரு பிள்ள இது?"

ஞானமுத்து திடுக்கிட்டுத் திரும்பினான்.

"தம்பி பிள்ள" என்றான். "தம்பி செத்துப் போனான், செபஸ்தி. மூணு மாசமாச்சு. காச்ச. பேட்டைக்குக் காகிதம் வந்துச்சு."

அந்த ஒல்லி ஆள், ராயப்பன்பட்டிக்குப் பக்கத்து ஊரான கோம்பையைச் சேர்ந்த ஒச்சாண்டி. ஒரே தோட்டத்தில் ஐந்து வருஷம் பிலவேந்திரனோடு இருந்தவன். அங்கே பிலவேந்திரன் வேறொரு பெண்ணோடு குடும்பம் நடத்தினான், அவள் பிள்ளை பெற்ற வருஷமே செத்தாள், பிள்ளைக்கு மலையம்மாள் என்று பேர். இவ்வளவையும் ஒச்சாண்டி மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எங்கண்ணங்கிட்டச் சேத்துருன்னு கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாரு தாயி."

செபஸ்தியம்மாள் பிள்ளையையும் ஒச்சாண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிள்ளை கப்பலில் வந்ததைக் கண்ணால் பார்த்தாயிற்று. புருஷன் மேல் இருந்த சந்தேகம் இறங்கிவிட்டது. இறங்கியது அப்படியே ஒச்சாண்டி மேல் ஏறியது.

"பிலவேந்திரன் எந்தக் கைக்காரன்?"

"பீச்சாங்கை. தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்திய அந்தக் கையிலதான் புடிப்பாரு. அதுக்கே கங்காணிகிட்ட ஏச்சு வாங்குவாரு."

"அவன ஒனக்குத் தெரியும், சரி. பிள்ள அவன் பிள்ளைதான்னு எப்பிடி நம்புறது? ஒம் பிள்ளையா இருந்தா? ஊருக்குப் போறப்ப பொண்டாட்டிக்குப் பயந்து எங்க தலையில கட்டிட்டுப் போறியோ?"

"செபஸ்தி!" என்றான் ஞானமுத்து.

ஒச்சாண்டி அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "எம் பொண்டாட்டி மூக்கம்மாளுக்குப் பிள்ள இல்ல, தாயி. இது எம் பிள்ளையா இருந்தா ஒங்களுக்கு ஏன் காகிதம் போடுறேன்? நேரா கோம்பைக்குத் தூக்கிக்கிட்டுப் போயிருப்பேன். இப்பவும் நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

சொல்லிவிட்டுப் பிள்ளையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டான். அவள் வேண்டாமென்று சொல்வதற்காகவே அவன் காத்திருப்பது போலிருந்தது. அது அவளுக்கு இன்னும் குழப்பத்தைத் தந்தது.

ஞானமுத்து மூட்டையை அவிழ்த்துப் பாவாடையை எடுத்தான். "ஊர்ல வச்சு ஒங்கிட்டச் சொல்லியிருந்தா ஞானசெல்வி ஒம் மொகத்தப் பாத்தே கண்டுபுடிச்சிருவா. நீ பிள்ளையப் பாரு. நீ என்ன சொல்றியோ அதான்."

"நான் என்ன சொல்றது? சொல்ல வேண்டியவ ஊர்ல இருக்கா."

பிற்பகல் ரயிலுக்கு நாலு பேராகத் திரும்பினார்கள். பாவாடை பிள்ளைக்குக் கொஞ்சம் நீளம். ரயிலிலும், பிறகு மூன்று நாள் வண்டியிலும் செபஸ்தியம்மாள் அந்த முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தாள். ஒரு சமயம் மூக்கு பிலவேந்திரனுடையது போல் இருக்கும். பிள்ளை தூங்கினால் யாருடைய சாயலும் இல்லாமல் போகும். "இங்கன வா" என்று அது ஒச்சாண்டியைக் கூப்பிட்டபோது, நம்மூர்ப் பேச்சு என்று மனசு துள்ளியது. கோம்பைக்காரன் பேச்சும் அதேதானே என்று உடனே அடங்கியது. உத்தமபாளையத்தில் ஒச்சாண்டி இறங்கிக்கொண்டான். பிள்ளை அவனை விட மாட்டேன் என்று கத்தியது. ஒரு கல்லில் உட்கார்ந்து அதற்கு என்னவோ சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

வீட்டில் அக்காள் சொன்ன எல்லாவற்றையும் ஞானசெல்வி கேட்டாள். அழவில்லை.

"செத்தத யாரு பாத்தாக?"

"ஒச்சாண்டி."

"அவன் சொன்னா ஆச்சா? அங்கனயே ஒரு வீடு கட்டிக்கிட்டு, இந்த மூத்தத மட்டும் அனுப்பிச்சு விட்டிருக்க மாட்டாகன்னு என்ன நிச்சயம்?"

தாலியைக் கழற்றவில்லை. பிள்ளைக்குச் சோறு போட்டாள், தலை வாரினாள், பேசவில்லை. பிள்ளை நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்து கோம்பைப் பக்கம் போகும் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. எட்டாம் நாள் அதற்குச் சுரம் கண்டது. சுரத்தில் ஒச்சாண்டியின் பேரைத்தான் சொன்னது.

அதற்கடுத்த நாள் மத்தியானம் ஒரு பெண் தனியாக நடந்து வந்து வாசலில் நின்றாள். கால் முழுக்கச் செம்மண்.

"நான் கோம்பை மூக்கம்மா. ஒச்சாண்டி பொண்டாட்டி. ஞானசெல்விங்கிறது யாரு?"

"நாந்தான்."

"எம் புருசன் வந்ததுல இருந்து திங்கல, தூங்கல. பிள்ள பிள்ளன்னு கெடக்காரு. ஊர்ல எல்லாரும் அது அவரு பிள்ளதாங்கிறாக. எங்க தெருப் பொம்பளைக சிரிக்கிறாளுக." மூக்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குப் பிள்ளைய வளக்க ஆசதான். ஆனா என்னைய ஏமாத்திப் பெத்த பிள்ளைய எம் மடியில வைக்க முடியாது. நீ சொல்லு. நீ சொன்னா நம்புறேன். அது யாரு பிள்ள?"

செபஸ்தியம்மாள் தங்கையைப் பார்த்தாள். ஞானசெல்வி உள்ளே படுத்திருந்த பிள்ளையைப் பார்த்தாள். பிறகு மூக்கம்மாளின் செம்மண் காலை வெகு நேரம் பார்த்தாள்.

"எம் புருசன் பிள்ள" என்றாள். "செத்துப் போன எம் புருசன் பிலவேந்திரனோட பிள்ள. நீ கூட்டிட்டுப் போ."

மூக்கம்மாள் உள்ளே போய்ப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "அப்பிடியே எங்க வீட்டுக்காரரு மொகத்தப் பாக்க ஓடணும் போலருக்கு" என்று சொல்லி, அழுதுகொண்டே சிரித்தாள். தெருமுனை திரும்பும்வரை அக்காளும் தங்கையும் நின்று பார்த்தார்கள்.

"ஒனக்கு எப்பிடிடி தெரியும்?" என்றாள் செபஸ்தியம்மாள்.

"தெரியாதுக்கா."

அன்று சாயங்காலம் ஞானசெல்வி தனியாகவே கோயிலுக்குப் போனாள். சாமியாரிடம் பிலவேந்திரன் என்று பேர் சொல்லி, செத்த ஆத்துமாவுக்கு ஒரு பூசை வைக்க வேண்டுமென்று கேட்டாள்.