லாரிப் பலகைக் குதிரை

அன்பழகன் பேரம் பேசாமல் குதிரையைத் தூக்கிக் கொடுத்தபோதே சாரதாமணிக்குச் சந்தேகம் தட்டியது. செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள் பழைய சாமான் கடை வைத்திருக்கும் அந்த ஆள், கைப்பிடி போன உலக்கைக்கே ஊர்ப்பட்ட கதை சொல்லி விலையேற்றுகிறவன். இன்றைக்கு, "எடுத்துக்குங்கக்கா. இத்தன வருசமா நீங்க தேடுனது இதுதானுங்களே?" என்றதோடு சரி. அவன் பார்வை அவளுக்குப் பின்னால் நின்ற அவள் கணவர் ஜெகதீஸ்வரன்மேல் இருந்தது. எப்போதும் தெருமுனையில் காருக்குள்ளேயே பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிற மனிதர், இன்று கடைக்குள் வந்து வேர்த்து வடிந்துகொண்டிருந்தார்.

ஆனால் குதிரையைப் பார்த்ததும் சந்தேகமெல்லாம் பறந்துவிட்டது. பச்சை உடம்பு, வயிற்றைச் சுற்றி மஞ்சள் பட்டை, நூல்கயிற்று வால். அப்பாவே லாரியிலிருந்து இறங்கி வந்துவிட்டமாதிரி இருந்தது அவளுக்கு. கண்ணில் தண்ணீர் முட்ட, குதிரையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அப்பா லாரி டிரைவர். பழைய லாரி ஒன்றின் பாடியைப் பிரித்தபோது கழித்துப்போட்ட பலகையை எடுத்து, லோடுக்குக் காத்துக்கிடந்த நேரத்தில் அவளுக்கென்று செய்த குதிரை அது. மல்லசமுத்திரத்திலிருந்து வீடு மாறியபோது எப்படியோ காணாமல் போனது. வளர்ந்து, கல்யாணமாகி, கையில் காசு புரள ஆரம்பித்ததிலிருந்து பழைய மரத்தில் செய்த எதைக் கண்டாலும் வாங்கிவந்தாள். கட்டில் காலில் செதுக்கிய கிளி, வண்டிச் சக்கரத்தின் நடுக்குடத்தில் செய்த காளை, கெங்கவல்லிப் பையன் ஒருவன் போன வருஷம் ஜன்னல் சட்டத்தில் செய்த ஆந்தை என்று கூடம் நிறைந்துவிட்டது. "இத்தன வெறகுல ஒரு கல்யாணத்துக்கே சமைக்கலாம்" என்று நாத்தனார் கேலி பேசுவாள். அழகுக்காக வாங்குவதாகத்தான் சாரதாமணி எல்லோரிடமும் சொல்வாள். எதைத் தேடுகிறாள் என்று ஜெகதீஸ்வரனுக்கு மட்டும் தெரியும்.

வீட்டுக்கு வந்து, துணியால் துடைக்கக் குதிரையைப் புரட்டினாள். வயிற்றில் வரிசையாகத் திருகாணிகள். அத்தனை தலைகளிலும் கீறல் ஒரே பக்கமாகப் படுத்திருந்தது.

அப்பாவுக்குத் திருகாணியெல்லாம் தெரியாது. ஆணியை அடித்து, வளைந்தால் அப்படியே தட்டிப் படுக்கவைக்கிற ஆள். திருகாணிக் கீறலை நேர்படுத்தாவிட்டால் தூக்கம் வராத மனிதர் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான். லாரிப் பாடி கட்டியே தலை நரைத்தவர். வீட்டு சுவிட்சுப் பெட்டிகளைக்கூட அவர் விட்டுவைத்ததில்லை.

பாடி கட்டும் பட்டறையை மகனிடம் ஒப்படைத்த பிறகும் ஜெகதீஸ்வரன், "சும்மா பாத்துப்போட்டு வாரேன்" என்று போன மாதமெல்லாம் அங்கே போய்க்கொண்டிருந்தார். நகக்கண்ணில் பச்சைப் பெயின்ட்டோடு வந்தவரைத் திட்டி, மண்ணெண்ணெய்த் துணி கொடுத்தவளே அவள்தான். அவள் தேடுவது இன்னதென்று அன்பழகனிடம் சொல்லிவைத்ததும் அவராகத்தான் இருக்கும்.

குதிரையின் இடது காதைத் தடவினாள். வழவழவென்று இருந்தது. அப்பா லோடு ஏற்றிப் போன ஒரு நாள் ஆத்திரத்தில் அந்தக் காதைத்தான் கடித்துவைத்தாள். பால்பல்லின் தடம் அப்படியே பதிந்துவிட்டது. கோபக்காரி என்று பேர் வாங்க வேண்டாமென்று இதை மட்டும் கணவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதையும் செதுக்கியிருப்பார், பாவம்.

முதலில் எரிச்சல்தான் வந்தது. எங்கோ யார் வீட்டுப் பரணிலோ நிஜக் குதிரை கிடக்கிறது. இதுதான் அது என்று ஒப்புக்கொண்டால், இனி எந்த முகத்தோடு கடை கடையாகத் தேடுவது?

கூடத்திலிருந்து குரல் வந்தது. "என்ன புள்ள, அதுதானா?"

பரீட்சை முடிவு கேட்கிற பையனின் குரல்.

"இருங்க, நல்லாப் பாத்துப்போட்டுச் சொல்றேன்."

சமையலறைக்குள் போனாள். கொஞ்ச நேரம் குதிரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதன் இடது காதை வாயில் வைத்து, பல் வலிக்கிற அளவுக்கு அழுத்திக் கடித்தாள்.

வெளியே வந்து நீட்டினாள். "அதேதானுங்க. பாருங்க, சின்னதுல நான் கடிச்ச பல்லுத் தடம்கூட அப்படியே இருக்குது."

ஜெகதீஸ்வரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காதைப் பார்த்தார். கட்டைவிரலால் தடவினார். தடம் இன்னும் ஈரமாக இருந்தது. நிமிர்ந்தார். அவளுடைய கீழுதட்டில் பச்சைப் பெயின்ட்டின் சின்னச் சில்லு ஒன்று ஒட்டியிருந்தது. அவர் தோளில் கிடந்த துண்டின் நுனியைக் கையில் எடுத்து, அவள் உதட்டைத் துடைத்துவிட்டார்.